ஊதாச் சட்டையும் 81 வருஷமும்

கோஸ்டா ரிகா நாட்டின் கார்த்தாகோ ஊரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் போட்டிருந்தது ஊதா நிறச் சட்டை. ஊரை விட்டுக் கிளம்பும்போது அம்மா மதுரை விளக்குத்தூண் பக்கம் எடுத்துக் கொடுத்தது. புது நாடு, புது வேலை, புதுச் சட்டை. போகிற வழியில் தெருமுனைப் பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டில் கேட்டேன். கடைக்காரப் பெரியவர் பாட்டிலை எடுத்தார், என் சட்டையைப் பார்த்தார், பாட்டிலைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். அப்போது எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் மூன்றே வார்த்தை: நன்றி, எவ்வளவு, தெரியாது. மூன்றையும் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னமோ நீளமாகப் பேசினார், கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள், கடைசியில் பாட்டில் கிடைத்தது. காசை மட்டும் இரண்டு விரலால், ஏதோ நனைந்த துணியைத் தொடுவதுபோல வாங்கிக்கொண்டார்.

தொழிற்சாலையில் கூட வேலை பார்க்கும் பையன்தான் விளக்கினான். ஊதா என்றால் சப்ரிசா. தலைநகர் சான் ஹோசேயை ஒட்டிய திபாஸில் இருக்கிற கால்பந்து அணி. கோஸ்டா ரிகாவில் அதிகமுறை பட்டம் வாங்கியது அதுதான், முப்பதை எப்போதோ தாண்டிவிட்டது. கார்த்தாகோவின் நிறம் நீலமும் வெள்ளையும். அணியின் பேர் கார்த்தஹினேஸ். 1906-இல் தொடங்கியது, ஆனால் வாங்கிய பட்டம் மொத்தம் மூன்று: 1923, 1936, 1940. நான் போய் இறங்கியது 2022 ஜனவரி.

கார்த்தாகோ ஒரு காலத்தில் இந்த நாட்டின் தலைநகரம். 1823-இல் அந்தப் பெருமையும் சான் ஹோசேக்குப் போய்விட்டது. இராசு எரிமலையின் அடிவாரம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரம். நம் ஏற்காடு மாதிரி என்று வையுங்கள். மத்தியானமானால் பனி இறங்கிவிடும். அதனால்தான் இந்த அணிக்காரர்களை ‘புருமோசோஸ்’, பனிமூட்டக்காரர்கள் என்கிறார்கள். வெயில் ஊர்க்காரனுக்கு முதல் இரண்டு மாதம் ஸ்வெட்டருக்குள்ளேயே போனது.

பழகிப்போக உதவியது சாப்பாடுதான். காலையில் சோறும் கறுப்பு பீன்ஸும் கலந்து வதக்கிய ‘காய்யோ பிந்தோ’. சாயங்காலம் ‘ஆகுவா துல்சே’, அதாவது வெல்லத்தை வெந்நீரில் கரைத்துக் குடிப்பது. சுக்கு மட்டும் இல்லை. கடையில் ‘சயோத்தே’ என்று குவித்து வைத்திருந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தால், அட, நம்ம சௌசௌ! கார்த்தாகோ பக்கத்து உஹாராஸ் பள்ளத்தாக்கில் பந்தல் பந்தலாக விளைகிறது. அன்றைக்குப் பெரியவரிடம் நாலு காய் வாங்கிக் கூட்டு வைத்தேன். தேங்காய் அரைத்து ஊற்றிய அந்தக் கூட்டில் ஒரு கிண்ணம் மறுநாள் கடைக்கும் போனது. சட்டை விவகாரம் அதோடு சமாதானம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் சின்னப் பிள்ளையைக்கூட ‘உஸ்தேத்’, நீங்கள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அம்மா பிள்ளையிடம், முதலாளி காவலாளியிடம், ஏன், நாயிடம்கூட. பெரியவரும் என்னிடம் ‘நீங்க’தான். அவர் மகன் வயதுகூட எனக்கு இல்லை.

ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள வகுப்பில் சேர்ந்து மூன்றாம் வாரமே நின்றுவிட்டேன். பாடம் நடந்தது பெட்டிக்கடையில்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஓடும், நான் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். இங்கே வருஷத்துக்கு ஒரு பட்டம் இல்லை, இரண்டு. ஜூலையில் தொடங்கி டிசம்பரில் முடிவது அபெர்த்துரா, ஜனவரியில் தொடங்குவது க்ளவுசுரா. அப்போது 12 அணிகள், ஆளுக்கு 22 ஆட்டம், முதல் நாலு இடத்துக்கு அரையிறுதி. இதுவரை எனக்குப் புரிந்தது. அதற்கு மேல் ‘கிரான் ஃபினால்’ என்று ஒன்று இருந்தது. அதை மூன்று முறை கேட்டும் புரியவில்லை. பெரியவர் எழுந்து கூடையிலிருந்து நாலு சௌசௌவை எடுத்துக் கல்லாமேல் வரிசையாக வைத்தார்.

பெரிய காயைத் தொட்டு, “இது அலஹுவெலென்சே. லீக் ஆட்டங்களில் முதலிடம்.” கீறல் விழுந்த குட்டிக் காயைத் தொட்டு, “இது நாங்க.” அரையிறுதி, இறுதி என்று காய்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். குட்டிக் காய் மிஞ்சியது. “ஜெயிச்சாச்சா?” என்றேன். இல்லையாம். லீக்கில் முதலிடம் பிடித்தவனே இறுதியிலும் ஜெயித்தால் அவனுக்குப் பட்டம், கதை முடிந்தது. வேறு யாராவது ஜெயித்தால், அவன் முதலிடக்காரனோடு இன்னும் ஒரு தடவை, அதுவும் இரண்டு ஆட்டமாக மோத வேண்டும். பெரிய காயை மறுபடி குட்டிக் காய்க்கு எதிரே கொண்டுவந்து வைத்தார். “ஏழைக்கு ரெண்டு தடவை ஜெயிச்சாத்தான் கணக்கு” என்றார்.

முறையாக யோசித்தால் அது நியாயம்தான். ஐந்து மாதம் முதலிடத்தில் இருந்தவனை ஒரு கெட்ட நாளுக்காக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆனால் அந்தக் கடையில் அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கல்லாவுக்கு மேலே ஒரு அட்டை தொங்கும். நம் ஊரில் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று எழுதுவோமே, அதேதான். இவருடையதில், ‘கார்த்தாகோ பட்டம் வெல்லும் நாளில் கடன் கொடுக்கப்படும்’ என்று இருந்தது. நீலப் பேனா எழுத்து வெளிறிச் சாம்பல் நிறமாகியிருந்தது.

ஏன் 1940-க்கு அப்புறம் ஜெயிக்கவில்லை என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை. பட்டம் வென்ற போதையில் குதிரையோடு கோவிலுக்குள் போனார்கள், பாதிரியார் சாபம் விட்டார் என்பது ஒன்று. மைதானத்தில் யாரோ பொம்மையைப் புதைத்து வைத்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. செய்வினை, தகடு என்று கேட்டு வளர்ந்தவனுக்கு இதில் ஆச்சரியம் என்ன? 2013-இல் இறுதிவரை போய் எரெதியானோ அணியிடம் பெனால்டியில் தோற்ற கதையை மட்டும் யாரும் சாபம் என்று சொல்லிச் சிரிக்க மாட்டார்கள். பெரியவர் அந்த இடத்தில் பேச்சை மாற்றிவிடுவார்.

மார்ச்சில் ஒருநாள் என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். பேர் ஃபெய்யோ மேசா. வீடுகளுக்கு நடுவே சின்ன மைதானம். தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம், எதிர்க் கோல்கம்பத்தைப் பாதி மறைத்த பனி. யார் பந்தை வைத்திருக்கிறார்கள் என்று சத்தத்தை வைத்துத்தான் சில நேரம் தெரிந்துகொண்டேன். நான் கிரிக்கெட்காரன். ஆட்டம் ரசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், கால் விறைத்துப்போனதுதான் ஞாபகம். ஆனால் பக்கத்தில் ஒரு அம்மா ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நடுவரைத் திட்டித் தீர்த்தார். அத்தனையும் ‘உஸ்தேத்’ போட்டு மரியாதையாக. அன்றைக்குத்தான் இந்த மொழி எனக்குப் பிடித்துப்போனது.

ஜூன் 14 மத்தியானம் நாடே நின்றது. கத்தாரில் நியூசிலாந்தோடு உலகக்கோப்பைத் தகுதி ஆட்டம். மூன்றாவது நிமிஷத்தில் ஜோயல் கேம்பெல் கோல் போட்டார். மிச்ச நேரம் முழுக்க அந்த ஒரு கோலைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றினார்கள். கேன்டீனில் சோறு ஆறிப்போனது. ஆனால் கார்த்தாகோக்காரர்கள் மனசு வேறிடத்தில் இருந்தது.

கல்லாமேல் வைத்துக் காட்டியது அப்படியே நடந்தது. கைனெர் செகுரா பயிற்றுவித்த அணி, கியூபாக்காரர் மார்செல் எர்னாண்டஸ் முன்களத்தில். இறுதி வரை வந்து ஜெயித்தார்கள். அதற்கு மேல் முதலிடக்காரனான அலஹுவெலென்சேயோடு கிரான் ஃபினால். கடைசி ஆட்டம் ஜூலைத் தொடக்கத்தில், அலஹுவேலாவில், எதிரியின் வீட்டில்.

அன்று இரவு கடையில் இருபது பேர். மழை. யாரும் பேசவில்லை. யாரோ பீர் பாட்டிலைத் திறந்த சத்தத்துக்கே நாலு பேர் திரும்பி முறைத்தார்கள். நடுவர் விசில் ஊதியதும் தெரு வெடித்தது, கடையில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பெரியவர் மட்டும் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சந்தேகம் வந்தவர்போல மறுபடி போட்டுப் பார்த்தார். இன்னும் ஜெயித்துத்தான் இருந்தார்கள்.

ஊரே பசிலிக்கா பக்கம் நடந்தது. தேவதைகளின் அன்னை கோவில் அது. ஆகஸ்டு 2-க்கு நாடு முழுக்க இங்கே பாதயாத்திரை வருவார்கள். சான் ஹோசேயிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் நடை, கடைசியில் முட்டி போட்டுக்கொண்டே சன்னதிக்கு. பழனிக்கு நடந்திருக்கிறவனுக்கு விளக்கவே வேண்டாம். அந்தச் சதுக்கத்தில் வெடி, ஹாரன், நீலக்கொடி. அதற்கு நடுவே அம்மாவின் போன். அங்கே விடிந்து நேரமாகியிருந்தது.

“என்னடா வெடிச் சத்தம்? அங்க தீபாவளியா?”

“இல்லம்மா, எங்க டீம் ஜெயிச்சிருச்சு. 81 வருஷம் கழிச்சு.”

“அவ்வளவு நாளா என்ன பண்ணிட்டு இருந்தாங்க?”

‘எங்க டீம்’ என்று சொன்னதை போனை வைத்த பிறகுதான் கவனித்தேன்.

மறுநாள் காலை கடை வாசலில் வரிசை. எல்லோர் கையும் அட்டையைக் காட்டியது. பெரியவர் பள்ளிக்கூட நோட்டு ஒன்றைப் பிரித்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் கடன் எழுதினார். என் முறை வந்தது. இரண்டு சௌசௌ, ஒரு அச்சு வெல்லம். இங்கே இந்தியர் என்றாலே ‘இந்து’தான். எங்கள் ஆலையில் இருக்கும் கோழிக்கோட்டு அப்துல்லாவும் அவர்களுக்கு இந்துவே. அப்படித்தான் எழுதியிருப்பார் என்று எட்டிப் பார்த்தேன். பேர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மொராதோ’ என்று இருந்தது. ஊதா.