புகையா, பனியா?

சென்ற மாதம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு கூட்டம் நடந்தது. மோட்டார் அறையில் இருந்த செம்புக் கம்பிச் சுருள் காணாமற்போயிருந்தது. இரவுக் காவல் பார்த்த பெரியவர், தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, படிக்கட்டின் ஓரத்தில் ஒன்றும் பேசாமல் நின்றார். "எடுக்காதவனாக இருந்தால் இந்நேரம் கத்தியிருக்க மாட்டானா?" என்றார் ஒருவர். "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று இன்னொருவர் பேச்சை முடித்துவைத்தார். மறுவாரமே அந்தப் பெரியவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

அந்தப் பழமொழி அன்று இரவு முழுவதும் என்னை உறுத்தியது. புகையைக் கண்டு நெருப்பை அறிவது, நம் தருக்க மரபில் கருத்தளவைக்கு, அதாவது கண்டதைக் கொண்டு காணாததை ஊகித்தறிவதற்கு, சொல்லப்படும் முதல் எடுத்துக்காட்டு. மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, கற்பிக்கும்போதும் இதுவே வருகிறது: இம்மலை நெருப்புடையது என்பது பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), புகையுடைமையால் என்பது ஏது (காரணம்), அடுக்களை போல என்பது திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). ஆனால் அடிகள் அத்துடன் நிறுத்தவில்லை. சரியான வாதத்தைப் போலத் தோற்றம் காட்டி ஏமாற்றும் போலிகளை, பக்கத்தில் 9, ஏதுவில் 14, திட்டாந்தத்தில் 10 என்று வகுத்து, ஒவ்வொன்றையும் விளக்குகிறார். "என் தாய் மலடி" என்று ஒருவன் சொல்வது, தன் சொல்லே தன்னை மறுக்கும் பக்கப்போலி.

ஏதுப்போலிகளுள் இரண்டை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்று சித்தாசித்தம்: கண்ணுக்குத் தெரிவது ஆவியா, பனியா என்ற ஐயம் தீராதபோதே அதைப் புகை என்று கொண்டு, நெருப்பு உண்டு எனத் துணிவது. ஊர்வாயில் கிளம்பும் வதந்தியைப் புகை என்று நாம் எப்போது உறுதி செய்தோம்? மற்றொன்று, ஒருபக்கமாக முடிவு தராத ஏதுவான அநைகாந்திகத்தில் சாதாரணம் எனப்படுவது. "சத்தம் அநித்தியம் (நிலையற்றது), ஏனெனில் அது அறியப்படுகிறது" என்று ஒருவர் வாதிட்டால், அறியப்படுதல் நித்தியப் பொருளுக்கும் அநித்தியப் பொருளுக்கும் பொதுவானது என்பதால், அந்த ஏதுவால் இரண்டில் எதையும் நிறுவ முடியாது. திருடியவரும் பேசாமல் நிற்கலாம், திருடாதவரும் மனம் உடைந்து பேசாமல் நிற்கலாம். அப்படியிருக்க மௌனம் எதற்குச் சான்றாகும்?

இப்படிப்பட்ட போலி ஏதுக்கள் ஓர் உயிரைக் குடித்த கதையைச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை சொல்கிறது. அங்கே பொற்கொல்லன் பேசும் பேச்சை, இணக்குவித்துப் பேசும் கலையைக் கற்பவர்கள் வரிவரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் கொலைக்குரியவனாகத் தோன்றவில்லை என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் அவர்களை எதிர்த்து வாதிடவில்லை. உள்ளுக்குள் நகைத்துக்கொண்டு, கள்வர்கள் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டின் துணையோடு திரிபவர்கள் என்று நூலறிந்தவன்போல அடுக்குகிறான். அரசனிடமும் அவன் கோவலனைப் பற்றி, சுவரைத் துளைக்கும் கன்னக்கோல் இல்லாமலே மந்திரத்தால் வாயிற்காவலரை உறங்கவைத்துச் சிலம்பைக் கவர்ந்தவன் என்றே சொல்லியிருந்தான். கருவி இருந்தால் அது சான்று, இல்லையென்றால் மந்திரம். முகம் கொடியதாக இருந்தால் கள்வன், நல்லதாக இருந்தால் தேர்ந்த கள்வன். எந்த உண்மையைக் காட்டினாலும் குற்றமாகவே திரும்பிவரும் இந்தக் கட்டுமானத்துக்குள் அகப்பட்டவர் தப்ப வழியே கிடையாது.

அதற்குப் பிறகு அவன் கதை சொல்கிறான். தூதுவன் வேடத்தில் அரண்மனைக்குள் புகுந்த ஒரு கள்வனைப் பற்றி, காட்சி காட்சியாக. கேட்ட காவலரில் ஓர் இளைஞன், மழைநாளின் நள்ளிருளில் தன் வாளையே பறித்துச் சென்று மறைந்த கள்வன் ஒருவனை நினைத்துக்கொண்டு, வேந்தனும் நம்மை வருத்துவான், செய்யத்தக்கது ஒன்றைச் சொல்லுங்கள் என்கிறான். வேறு கள்வர்களைப் பற்றிய கதையும் அரசனைப் பற்றிய அச்சமும் சேர்ந்து, எதிரே நிற்பவனைப் பற்றிய கேள்வியையே மறைத்துவிட்டன. அந்த நொடியில் கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

வழக்குரை காதையில் கண்ணகி செய்வதுதான் என்னை வியக்கவைக்கிறது. சிலம்பு கையில் இருப்பது கள்வனுக்கும் உரியவனுக்கும் பொது. அரசன் நம்பியது அந்தப் பொது ஏதுவைத்தான். அவள் இரண்டு சிலம்புகளையும் வேறுபடுத்தும் ஒன்றைக் கேட்கிறாள்: "என் காற் பொற்சிலம்பு மணியுடை அரியே." அவள் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம் என்பது பொருள். தன் தேவியின் சிலம்பில் உள்ளது முத்து என்று அரசனும் ஒப்புக்கொண்டு, கோவலனிடம் கிடைத்த சிலம்பை வரவழைத்து அவள் முன் வைக்கிறான். அவள் அதை உடைத்ததும் தெறித்தது மணி. அரசன் கொலைக்கு ஆணையிடும் முன்பே கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது.

எங்கள் மோட்டார் அறைக்கு மூன்று சாவிகள் உண்டு. அவை அன்று இரவு யார் யாரிடம் இருந்தன என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.