லிஸ்பனில் வீடு எடுக்கிறீர்களா? முதலில் படியைக் கேளுங்கள்

லிஸ்பன் பயணத்துக்கு அம்மா அப்பாவும் வருகிறார்கள் என்றதுமே ஹோட்டல் யோசனையைக் கைவிட்டோம். அப்பாவுக்கு எழுந்ததும் காபி வேண்டும், ராத்திரி ரசம் சாதம் வேண்டும். நாலு பேருக்கு இரண்டு அறை எடுக்கும் காசில் லிஸ்பனில் சமையலறையோடு வீடே கிடைத்தது.

தேட ஆரம்பித்தால் கண்ணில் படுவதெல்லாம் மேட்டில் இருக்கும் பழைய பகுதியான அல்ஃபாமாதான். சிவப்பு ஓட்டுக் கூரைகள், அவற்றுக்கு அப்பால் தேஜு ஆறு, பால்கனியில் ஒரு பூந்தொட்டி. படத்தைப் பார்த்ததும் பணம் கட்டத் தோன்றும். 1755 நிலநடுக்கத்தில் ஊரே இடிந்தபோது அல்ஃபாமா பெருமளவு தப்பித்துவிட்டது. அதனால் பழைய சந்துகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. பலவற்றில் கார் நுழையாது. டாக்ஸி கீழேயே இறக்கிவிட்டுப் போய்விடும், அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியது நம் பாடு. இடிந்துபோன நகர மையமான பைஷாவைத்தான் நேர்நேர் தெருக்களாகத் திரும்பக் கட்டினார்கள். சமதளம், வசதி, வாடகைதான் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

மேப்பில் 400 மீட்டர் என்று காட்டினால் நம்பிவிடாதீர்கள், அது முழுக்க ஏற்றமாக இருக்கலாம். முகவரியில் 'எஸ்கதிஞாஷ்' என்று இருந்தால் அந்தத் தெருவே படிக்கட்டுதான். ஸ்ட்ரீட் வியூவில் வாசல்வரை போய்ப் பார்த்துவிடுவது உத்தமம்.

பிடித்துப்போன ஒரு வீட்டின் உரிமையாளரிடம் லிஃப்ட் உண்டா என்று கேட்டேன். "மூன்றாவது மாடிதானே, சுலபம்" என்றார். சரி, படி எத்தனை என்று கேட்டதற்கு, "அறுபத்தெட்டு, நல்ல உடற்பயிற்சி" என்று ஸ்மைலியோடு பதில் வந்தது. அம்மாவின் முழங்காலை நினைத்து அத்தோடு விட்டுவிட்டேன்.

படுக்கையறைப் படங்களில் ஜன்னலைத் தேடுங்கள். பழைய கட்டடங்களில் நடு அறைக்கு ஜன்னலே இல்லாமல் இருப்பது சகஜம். குளிர்காலம் என்றால் ஹீட்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அங்கே பல வீடுகளில் வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே சில்லென்றுதான் இருக்கும். பாயிரு ஆல்டு பக்கம் பார்கள் அதிகம், தூக்கம் முக்கியம் என்பவர்கள் அங்கே எடுக்க வேண்டாம். ஜூன் 12 இரவு புனித அந்தோணியார் திருவிழாவுக்கு அல்ஃபாமாவே தெருவில் மீன் சுட்டுக்கொண்டு விழித்திருக்கும். விளம்பரத்தில் '/ஏஎல்' (/AL) என்று முடியும், சுற்றுலா வாடகைக்கான பதிவு எண் இல்லாத வீட்டை நான் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

கடைசியில் அஞ்ஜுஷ் பகுதியில், லிஃப்ட் உள்ள கட்டடத்தில் எடுத்தோம். ஆற்றுக் காட்சி கிடையாது. ஆனால் விமான நிலையத்தில் சிவப்பு மெட்ரோ ஏறி, அலமேதாவில் பச்சைக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம். அங்கிருந்து இன்னும் இரண்டு நிறுத்தம் போனால் மார்த்தீம் முனீஷ். அங்குள்ள தெற்காசியக் கடைகளில் துவரம்பருப்பு, பச்சை மிளகாய் எல்லாம் வாங்கலாம். சமையலறை ஜன்னலுக்கு வெளியே கப்பியில் ஓடும் துணிக்கொடி இருந்தது. அம்மா கயிற்றை இழுத்து இழுத்து அப்பாவின் வேட்டியை முற்றத்தின் நடுவுக்கே அனுப்பிவிட்டார். எதிர்வீட்டுப் பாட்டி வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

வாடகைக்கு மேல் நகராட்சியின் சுற்றுலா வரி உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ, அதிகபட்சம் ஏழு இரவுகளுக்கு. எங்கள் நாலு பேருக்குத் தினம் 16 யூரோ ஆனது.