ஸ்டேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரி

கூட வாழ்கிறவன் அடித்தால் என்ன செய்வது என்று திருநங்கைகள் கேட்டால் எல்லோரும் சட்டென்று 'ஸ்டேஷனுக்குப் போ' என்கிறோம். அதற்கு முன்னால் போக வேண்டிய இடம் அரசு ஆஸ்பத்திரி. காயம் ஆறுவதற்குள் அவசரப் பிரிவில் ஏ.ஆர். (காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேடு) போடச் சொல்லுங்கள். யார், எதால், எங்கே, எத்தனை மணிக்கு அடித்தார் என்று நீங்கள் சொல்வதைத்தான் டாக்டர் எழுதுவார். அவனே பக்கத்தில் நிற்கிறான் என்று பயந்து 'படியில் விழுந்துட்டேன்' என்றால் அதுதான் ஏட்டில் ஏறும். பிறகு கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அந்த வரியைத்தான். ஆதாரில் பழைய பெயர் இருந்தால் இரண்டு பெயரையும் நடுவில் (எ) போட்டு எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது வேறு ஆள் என்று வாதாடுவார்கள்.

அடுத்து மனு. 'திருநர் பாதுகாப்புச் சட்டம் 18ஆம் பிரிவில் நடவடிக்கை எடுக்கவும்' என்று மட்டும் எழுதிக் கொடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. உடல், பாலியல், மனம், பணம் என எல்லாக் கொடுமையும் அதில் அடங்கும், சரி. ஆனால் 2019இல் இயற்றப்பட்டபடி அதற்குத் தண்டனை 6 மாதம் முதல் 2 ஆண்டு. 3 ஆண்டுக்குக் குறைவு என்பதால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. நம்மைக் காக்க வந்த சட்டமே நம்மைத் திருப்பி அனுப்பும் விசித்திரம் இது. வெறுங்கையால் அறைந்ததற்கும் (பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ். என்ற குற்றவியல் சட்டத்தின் 115ஆம் பிரிவு) இதே கதி. கத்தியால் கீறியது, சூடு வைத்தது 118. எலும்பு முறிவு, பல் உடைந்தது 117. அறையில் பூட்டி வைத்தது 127. 'வீட்டுக்குப் படம் அனுப்புவேன்' என்று மிரட்டிப் பணம் பிடுங்கியது 308. இவற்றுக்கு நேரடியாக எஃப்.ஐ.ஆர். உண்டு. பிரிவு எண்ணை நீங்கள் எழுத வேண்டியதில்லை. என்ன ஆயுதம், எந்த இடத்தில் காயம், எவ்வளவு பணம், எந்தத் தேதி என்பதை எழுதினால் போதும். மனுவைப் பெற்றதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் கிளம்பாதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் அதே மனுவை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் 'பெண்' என்றே பேசுகிறது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட திருநங்கையும் அதில் நிவாரணம் கேட்கலாம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. திருநங்கையும் இந்து திருமணச் சட்டத்தில் மணமகளே என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் சொன்னதையும் வக்கீலிடம் நினைவூட்டுங்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அவனுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தால், கோயம்புத்தூர் வழக்கான வேலுசாமி – பச்சையம்மாளில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு (2010) குறுக்கே நிற்கும். திருமணம் போன்ற உறவு என்று காட்ட, இருவரும் சட்டப்படி மணம் செய்யத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும் என்கிறது அது. அந்த நிலையில் இந்தச் சட்டத்தை நம்பி நாளைக் கடத்தாமல் காய வழக்கையே பிடித்துக்கொள்வது மேல்.

திருநம்பிகளுக்கு இன்னும் இறுக்கம். இந்தச் சட்டத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் 'நான் பெண்' என்று கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதைப் போடச் சொல்லும் உரிமை வக்கீலுக்குக்கூட இல்லை.

ஜமாத்தில் (திருநங்கைகளின் சமூகக் கூட்டமைப்பில்) பேசித் தீர்ப்பது அன்றிரவு தங்க ஓர் இடம் தரலாம். ஆனால் அங்கே நடந்த சமாதானத்துக்குக் காகிதம் கிடையாது, அவன் மீறினால் கேட்க ஆளும் கிடையாது.

தங்குமிடம்தான் ரொம்பப் பலவீனமான கண்ணி. திருநர்களுக்கான மத்திய அரசின் கரிமா கிரேஹ் இல்லங்கள் தலா 25 பேருக்கானவை. வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் சகி மையம் பெண்களுக்கென்று அமைந்தது, பொதுவாக 5 நாள் வரை தங்கலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் பேசும்போதே ஆதாரில் என்ன பாலினம் இருக்கிறது என்று சொல்லி, எந்த மையம் சேர்த்துக்கொள்ளும் என்று கேளுங்கள். சும்மா போய் வாசலில் நின்றால் இரவு பத்து மணிக்குத் திரும்பி வர நேரும். பையில் அடையாள அட்டைகள், பேங்க் பாஸ்புக், அறுவைச் சிகிச்சை டிஸ்சார்ஜ் தாள், ஒரு மாத ஹார்மோன் மாத்திரை, அதன் சீட்டு. மாத்திரையைப் பிடுங்கி வைப்பதும் கொடுமைதான், மனுவில் அதையும் எழுதுங்கள்.

வாட்ஸப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைப் பார்த்து வையுங்கள். ஆனால் வீட்டை விட்டு வெளியே வந்த பிறகே அவன் சாதனத்தை நீக்குங்கள். வீட்டில் இருக்கும்போதே நீக்கினால், கிளம்பப் போகிறீர்கள் என்று அவனுக்கு முதலில் தெரிந்துவிடும்.