கச்சான் காலமும் பள்ளிக்கூட இடாப்பும்

கச்சான் (நிலக்கடலை) பிடுங்கத் தொடங்கினால் முல்லைத்தீவில் புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் பக்கம் சில பிள்ளைகளுக்குத் திடீரென்று காய்ச்சல் வரும். இடாப்பில் 'சுகமில்லை'. திரும்பி வரும்போது பார்த்தால் நகக்கண்ணில் செம்மண் அப்பியிருக்கும், பெருவிரல் ஓரம் வெடித்திருக்கும்.

சட்டம் இருக்கிறது. வேலைக்கு எடுக்கக்கூடிய குறைந்த வயதை 2021 இல் 14 இலிருந்து 16 ஆக்கினார்கள். பள்ளிக்கூடமும் 16 வரை கட்டாயம். முறையிட சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 தொலைபேசி இலக்கம் இருக்கிறது. சரி, யாரைக் காட்டிக்கொடுப்பது? 2009 இல் போர் முடிந்த பிறகு தனியாளாய்க் குடும்பத்தை இழுக்கிற தாயையா? கிழமைக் கடன் காசு அறவிட வருகிறவன் படலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் அவள் எங்கே போவாள்?

விசயம் கூலி கொடுக்கிற முறையில் இருக்கிறது. பல இடங்களில் ஆய்ந்த அளவுக்குத்தான் காசு. தாய் மட்டும் ஆய்ந்தால் ஒரு வாளி, மூத்தவனும் குந்தினால் ஒன்றரை. முதலாளி பிள்ளையைக் கூப்பிடவே தேவையில்லை, கணக்கே கூப்பிட்டுவிடும்.

சொந்த வளவில் சனிக்கிழமை மிளகாய்க் கன்றுக்குத் தண்ணி விடுவதை நான் இதில் சேர்க்கவில்லை, நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம். ஆனால் பயிருக்கு அடிக்கிற மருந்துத் தாங்கியைச் சின்னப் பெடியனின் முதுகில் ஏற்றிவிடுகிறவர்களுக்கு வறுமையைச் சாட்டாக்க வேண்டாம்.

அறுவடைக் காலத்திலாவது நாட்கூலி கொடுக்கலாமா என்று கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் யாராவது கேளுங்களேன். பசளைக்கும் வாய்க்கால் தண்ணிக்கும் அங்கே தொண்டை கிழியக் கத்துகிறோம்தானே.