இது யாரு போட்ட காசு? – ஒரு நாட்குறிப்பு

6 அக்டோபர் 2025, திங்கள்

சிங்கப்பூரில் வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் காம்கேர் உதவிக்கு விண்ணப்பிக்கும்போது சமூக சேவை அலுவலகம் கேட்கும் தாள்களில் சம்பளச் சீட்டுக்கும் மருத்துவச் சான்றுக்கும் யாரும் பயப்படுவதில்லை. வங்கிக் கணக்கு அறிக்கை என்றதும்தான் முகம் மாறும். "பேங்குல என்னா இருக்கு, ஒண்ணும் இல்லியே" என்பார்கள். மிச்சம் எவ்வளவு என்பது கடைசி வரியில் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அதிகாரி நேரம் செலவழிப்பது நடுவில் உள்ள வரிகளில்: காசு எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள் தங்கியது, எங்கே போனது.

முதலில் வரவு. சம்பளம், மசேநிதி (மத்திய சேமநிதி) மாதத் தொகை, ஆகஸ்டில் விழும் பொருள் சேவை வரிப் பற்றுச்சீட்டு ரொக்கம் இவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்பது அறிக்கையிலேயே இருக்கும். கைபேசி வழியே உடனே அனுப்பும் பேநவ் என்றால் அனுப்பியவரைக் கண்டுபிடித்துவிடலாம். மெஷினில் போட்ட ரொக்கத்துக்கு மட்டும் ஊர் பேர் கிடையாது. கையில் வாங்கிய காசுதான் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறோம். அதை வங்கியில் போட்ட நிமிடமே முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வரும்.

அடுத்து செலவு. இங்கே இல்லாததும் பேசும். மூன்று மாதமாகக் கடையில் நெட்ஸ் அட்டையில் கட்டியது இல்லை, எஸ்பி (மின்சாரம், தண்ணீர்) கட்டணத்தை வங்கி தானாகப் பிடிக்கும் ஜைரோ இல்லை, ஏடிஎம்மில் எடுத்ததும் இல்லை, மசேநிதித் தொகை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றால் வீட்டுச் செலவை வேறு யாரோ பார்க்கிறார்கள், இல்லையென்றால் இன்னொரு கணக்கு இருக்கிறது. காப்பீட்டுக்கு ஜைரோ ஓடினால் 'அந்தப் பாலிசியை இன்று முடித்தால் எவ்வளவு வரும்' என்று கேட்பார்கள். எப்போதோ வாங்கி மறந்துபோன பங்குக்கு 14 வெள்ளி ஈவுத்தொகை விழுந்திருந்தால் அந்தப் பங்கும் மேசைக்கு வந்துவிடும்.

9 அக்டோபர், வியாழன்

பிள்ளைகள் கொடுக்கும் காசு.

"அம்மா, இந்த 300 வெள்ளி யாரு போட்டது?"
"அது எம் மவன் போட்டதுமா. சும்மா, கைச்செலவுக்கு."

அறிக்கையைப் புரட்டினால் பிப்ரவரி 27, மார்ச் 27, ஏப்ரல் 28, மே 27 என்று வரிசையாக அதே 300. அம்மாவுக்கு அது மகன் பாசத்தோடு கொடுத்தது. கணக்கு பார்ப்பவருக்கு அது மாதா மாதம் வரும் குடும்ப ஆதரவு. பேச்சு முறிவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் இருவர் சொல்வதும் உண்மை. தொகையைவிடத் தாளம் முக்கியம். பிறந்தநாளுக்கு ஒரு முறை வந்த 500ஐவிட மாதந்தோறும் வரும் 150 பெரிய விஷயம்.

காம்கேரின் நீண்டகால உதவிக்கு இது இன்னும் அழுத்தமாக வரும். முதுமை, நோய், உடற்குறை காரணமாக வேலை செய்யவே முடியாமல், வருமானமும் குடும்ப ஆதரவும் இல்லாமலோ மிகக் குறைவாகவோ உள்ளவர்களுக்கு உரிய உதவி அது. ஆகவே பிள்ளைகள் எத்தனை பேர், யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. 60 வயது நிரம்பிய, தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோருவதற்கு 1995ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. அந்தப் பேச்சை எடுத்தாலே "புள்ளைய கோர்ட்டுக்கு இழுக்கவா?" என்று எழுந்துவிடுவார்கள். அவமானத்துக்குப் பயந்து 'பிள்ளை ஒன்றும் கொடுப்பதில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த பக்கத்தில் அவன் பேநவ் பண்ணியதை இணைத்துக் கொடுப்பவர்கள் உண்டு.

எல்லாப் பேநவ்வும் ஆதரவு ஆகிவிடாது. மகள் 2,000 அனுப்பி, மறுநாளே மருத்துவமனைக்கு 1,940 கட்டியிருந்தால் அது இந்தக் கணக்கு வழியே போன காசு. ரசீதும் மகள் கைப்பட எழுதிய இரண்டு வரியும் இருந்தால் போதும். பேநவ் அனுப்பும்போது குறிப்புக் கட்டத்தில் என்ன செலவுக்கு என்று நான்கு சொல் தட்டச்சு செய்தால் அந்த இரண்டு வரியும் தேவைப்படாது. நிறைய பேர் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள் அல்லது இதயப்படம் போடுகிறார்கள்.

14 அக்டோபர், செவ்வாய்

சீட்டும் அடகும். நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டில்.

பத்துப் பேர், மாதம் 200 வெள்ளி, பத்து மாதம். தள்ளுபடி, கழிவு எதுவும் இல்லாத எளிய சீட்டு என்றே வைத்துக்கொள்வோம். நான்காவது மாதம் எடுத்தவர் கணக்கில் 2,000 விழும். ரொக்கமாகக் கொடுத்து ரொக்கமாக வாங்கியதால் அறிக்கையில் ஒற்றை ரொக்க வரவாக மட்டும் நிற்கும். உண்மையில் அதில் 800 அவர் ஏற்கெனவே கட்டிய சொந்தக் காசு, மீதி 1,200 இனி ஆறு மாதம் கட்டவேண்டிய கடன். 2,000 வெள்ளிக்கு யாரும் 'அன்பளிப்பு' என்று பேர் வைக்கக் கூடாது. சீட்டு நடத்தும் அக்கா ஒரு நோட்டு வைத்திருப்பார். அதில் நம் பெயர் உள்ள பக்கத்தைப் படம் எடுத்துவைத்தால் அதுவே ஆதாரம்.

அடகுக் காசும் இப்படித்தான். வளையலை வைத்து வாங்கிய 1,200 வருமானம் ஆகாது. ஆனால் நகையை மீட்கும்போது அடகுச் சீட்டைக் கடையில் கொடுத்துவிடுகிறோம், கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. மீட்கும் கெடு ஆறு மாதம், வட்டி மாதத்துக்கு அதிகபட்சம் 1.5 விழுக்காடு. 1,200க்கு மாதம் 18 வெள்ளி, ஆறு மாதத்துக்கு 108. கணக்கில் 1,308 வெளியே போயிருப்பதும் சந்தேகத்தைக் கிளப்பும். வைக்கும் அன்றே சீட்டைப் படம் எடுங்கள்.

17 அக்டோபர், வெள்ளி

கூட்டுக் கணக்கு. அப்பா காலமானால் காசு முடங்கக் கூடாது என்று மகன் பெயரையும் சேர்த்துவைப்பது இங்கே வழக்கம். பிறகு மகன் தன் 2,800 சம்பளத்தையும் அதிலேயே வாங்கத் தொடங்குவான். அப்பாவின் அறிக்கையில் மாதம் 2,800 வரவு. 'என் காசு இல்லை' என்று சொன்னால் மட்டும் போதாது. மகனின் சம்பளச் சீட்டு, அந்தச் சம்பளத்திலிருந்து அவனுடைய செலவுகள் போன தடயம் இரண்டையும் காட்டவேண்டும்.

செய்யவே கூடாத ஒன்று: விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் கணக்கைத் துடைத்து மகள் பெயருக்கு மாற்றுவது. 9,000 வெளியே போன வரி அழியாது. ஒளித்து வைத்ததாகத்தான் அது படிக்கப்படும்.

21 அக்டோபர், செவ்வாய்

நேற்று தீபாவளி. வீட்டு வீடாகப் போன பிள்ளைகள் உறைகளைக் கொண்டுவந்து பாட்டியிடம் கொடுத்துவைப்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்து 380 வெள்ளியைப் பாட்டி தன் கணக்கில் போடுவார். சின்ன விஷயம், கேட்டால் சொல்லிவிடலாம். கல்யாண மொய் அப்படி இல்லை, ஆயிரங்களில் வரும். மொய் நோட்டையும் மண்டபத்துக்குக் கட்டிய பில்லையும் சேர்த்து வைத்தால் வந்ததும் போனதும் ஏறக்குறைய சரிக்குச் சரியாக இருப்பது தெரியும். பாதிக் கல்யாணங்களில் மண்டபத்துக்கே பற்றாது என்பது வேறு கதை.

27 அக்டோபர், திங்கள்

லண்டனிலும் மெல்பர்னிலும் உறவினர் இருப்பவர்கள் அங்குள்ள விதியை இங்கே கொண்டுவந்து குழம்புகிறார்கள்.

பிரிட்டனில் வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் உதவியில் கோடு எண்ணால் போடப்பட்டிருக்கிறது. சேமிப்பு 6,000 பவுண்டு வரை கணக்கில் வராது, 16,000க்கு மேல் போனால் உதவியே கிடையாது. இடையில் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும், அதன் பகுதிக்கும், மாதம் 4.35 பவுண்டு வருமானம் வருவதாக வைத்துக்கொள்வார்கள். 8,100 இருந்தால் மிகுதி 2,100, அது ஒன்பது பங்கு, மாதம் 39.15 பவுண்டு குறையும். உதவிக்காகவே காசைக் கொடுத்துத் தீர்த்தால் அது இன்னும் கையில் இருப்பதாகவே கணக்கிடுவார்கள். ஆஸ்திரேலிய முதியோர் உதவித்தொகையில் ஒரு நிதியாண்டுக்கு 10,000, ஐந்தாண்டுக்கு 30,000 டாலர் வரை பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுத்தது ஐந்தாண்டுக்கு உங்கள் சொத்தாகவே எண்ணப்படும்.

காம்கேரில் குடும்பம் குடும்பமாக வருமானம், சேமிப்பு, செலவு, ஆதரவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். இதில் நெகிழ்வு உண்டு, அதனாலேயே கேள்வியும் அதிகம்.

4 நவம்பர், செவ்வாய்

தவறாக நிரப்பியதும் ஏமாற்றியதும் ஒன்றாகாது. தண்டனைச் சட்டத்தின்படி நேர்மையற்ற எண்ணத்தோடு உண்மையை மறைப்பதும் ஏமாற்றுதான். 420ஆம் பிரிவில் பத்தாண்டு வரை சிறை உண்டு. விசாரணையில் எண்ணத்தைத் தேடுவார்கள்: 'வேறு கணக்கு உண்டா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிய அதே மாதம் அந்தக் கணக்குக்குக் காசு மாற்றியிருக்கிறாரா? வேலை கிடைத்ததும் தெரிவித்தாரா? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் வங்கியிடமிருந்தே ஆவணம் வரவழைக்க முடியும். நாம் காட்டாத பக்கமும் வந்துசேரும்.

வாக்குமூலம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பதிவாகும். காவல்துறை எடுக்கும் வாக்குமூலத்தைக் கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டவேண்டும். ஆங்கிலம் புரியாதவருக்குப் புரிந்த மொழியில் பெயர்த்துச் சொல்லவேண்டும், திருத்தச் சொல்லவும் உரிமை உண்டு. தமிழில் கேட்கும்போது இரண்டு சொற்களில் காதை வையுங்கள். 'சும்மா' என்பது காரணமே இல்லாமல் கொடுத்தான் என்று போய்விடும். 'எப்பவாச்சும்' என்று சொன்னது அப்படியே நின்றால், எட்டு மாதத்தில் எட்டு முறை வந்த காசோடு அது ஒத்துப்போகாது. 'மாசாமாசம் 300, பெரும்பாலும் 27ஆம் தேதி, மருந்துக்கும் மார்க்கெட்டுக்கும்' என்று மாற்றி எழுதச் சொல்லிவிட்டு, அதை இன்னொரு முறை வாசிக்கக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடலாம்.