இடது பக்கத்து வெளிச்சம்

ஜனவரி 11

எகிப்து. லக்ஸர், நைல் நதியின் மேற்குக் கரை. அறைக்குள் நுழைந்ததும் பிரிட்ஜ் குளிர்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தேன். கண் அழுத்தத்துக்கான சொட்டு மருந்தை உள்ளே வைத்த பிறகுதான் செருப்பைக் கழற்றினேன்.

ஜனவரி 12

மெதினெத் ஹாபு கோயில். தெற்குச் சுவரின் வெளிப்பக்கம் முழுக்க மூன்றாம் ராம்செஸ் மன்னன் வெட்டி வைத்த விழா நாட்காட்டி. எந்த நாளில் என்ன விழா, அதற்கு எத்தனை ரொட்டி, எத்தனை சாடி பீர், எத்தனை வாத்து என்று வரிசை வரிசையாகக் கணக்கு. எட்டு மணிக்குப் போய் நின்றேன். சுவர் நிழலில் இருந்தது. சாம்பல் நிறத் துணியை விரித்துக் காயப்போட்ட மாதிரி. ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. எகிப்திலேயே ஆழமாக வெட்டும் கோயில் இது, இதுவே தெரியவில்லை என்றால் மற்றதை எங்கே பார்ப்பது? எதிரே கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

பத்து மணி வாக்கில் வெயில் சுவரை உரசிக்கொண்டு சாய்வாக வந்தது. இரண்டே நிமிடம். வாத்து, ஆந்தை, நீரலைக் கோடு, ரொட்டி எல்லாம் எழுந்து நின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு கீற்று நிழல். பக்கத்தில் நின்ற பிரெஞ்சுப் பெண்மணியும் அப்போதுதான் "ஆ" என்றார். அவருக்கும் அதுவரை தெரிந்திருக்கவில்லை. நல்ல கண்ணுக்கும் தெரியாததுதான் எனக்கும் தெரியவில்லை. இதை எழுதி வைக்க வேண்டும் என்று அறைக்கு ஓடி வந்தேன்.

ஜனவரி 13

தம்பி போன் பண்ணினான். "ராத்திரி சொட்டு விட்டியாக்கா?" விட்டேன். ஆறாம் தேதி ஆபரேஷனுக்கு முன்னால் வந்துவிடுவேன். அதையும் மறுபடி சொன்னேன்.

ஜனவரி 14

இருபத்தாறு வருடம் கட்டட வரைபடம் போட்ட கை. ஆனாலும் ஒரு புடைப்புச் சிற்பத்தை எப்படிக் கோட்டில் கொண்டுவருவது என்று இங்கே வந்துதான் படிக்கிறேன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் குழு 1924 முதல் இந்தச் சுவர்களை நகல் எடுத்து வருகிறது. முதலில் புகைப்படம். பெரிதாக்கிய அந்தப் படத்தின் மேலேயே சுவருக்கு முன்னால் நின்று கோடு. பிறகு படத்தை வெளுத்து அழித்துவிடுவார்கள், கோடு மட்டும் நிற்கும். அதன் பிரதியை வேறொருவர் சுவரிடம் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுத் திருத்துவார். அதை இன்னொருவரும் சரிபார்ப்பார். ஒருவர் கண்ணை மட்டும் நம்புவதே இல்லை. எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது.

கோட்டுக்கும் ஒரு சட்டம் உண்டு. எந்தச் சுவராக இருந்தாலும், எந்த நேரமாக இருந்தாலும், வெளிச்சம் இடது பக்கம் மேலிருந்து சாய்வாக விழுவதாக வைத்துக்கொள்ள வேண்டும். புடைத்து நிற்கும் உருவம் என்றால் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் கனத்த கோடு. குழித்து வெட்டியது என்றால் நேர் எதிர், இடப்பக்கமும் மேல்பக்கமும் கனம். இன்று ஒரே ஒரு வாத்தை ஏழு முறை போட்டேன். ஏழாவதில்தான் அது கல்லுக்குள் இறங்கியது.

எனக்குத்தான் இடது பக்கம் வெளிச்சம் குறைகிறது. மூக்கை ஒட்டிய பகுதி ஏற்கெனவே போய்விட்டது. பென்சில் முனை திடீரென்று காணாமல் போய், தாளைத் திருப்பினால் வருகிறது.

ஜனவரி 15

பாயி.

கல்லறைத் தொழிலாளிகளின் பழைய ஊரான தெய்ர் எல்-மதீனாவில் இருந்தவன். அரசர்களின் கல்லறைகளில் கோடு போட்ட ஓவியன், என் தொழில்காரன். மகனும் அதே வேலை. அவன் மகனுக்கு எழுதிய ஓர் எழுத்துச் சில்லு இப்போது பெர்லினில் இருக்கிறது. உடம்பு சரியில்லை, என்னைக் கைவிட்டுவிடாதே, நான் இருட்டில் இருக்கிறேன், கண்ணுக்குக் கொஞ்சம் தேன் கொண்டு வா, காவிக்கல் கொண்டு வா, அசல் கண்மை கொண்டு வா, சீக்கிரம், நான் உன் அப்பன் இல்லையா, என் பார்வையைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அது இல்லை.

3,200 வருடம். நான்கு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மகன் கொண்டுவந்தானா?

ஜனவரி 16

காற்று, மணல். வெளியே போகவில்லை. கண் சிவந்திருக்கிறது.

ஜனவரி 17

ராமோசேயின் கல்லறை. மூன்றாம் அமென்ஹோதெப், அக்நாத்தன் இருவர் காலத்திலும் அமைச்சராக இருந்தவர். சுண்ணாம்புக் கல்லில் மிக மெல்லிய புடைப்பு, நகத்தின் கனம்கூட இராது. விருந்துக்கு வந்த உறவினர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னலின் ஒவ்வோர் இழையும் தனித்தனியாகத் தெரிகிறது. வண்ணமே பூசவில்லை, வெறும் கல். கண்களுக்கு மட்டும் கறுப்பு மை.

அவ்வளவு வெள்ளைக் கல்லில் கண்கள் மட்டும் கறுப்பாக. எனக்கு முதலில் தெரிந்ததே அந்தக் கண்கள்தான். அதைப் பிடித்துக்கொண்டு மூக்கு, அங்கிருந்து கன்னம், காது, பின்னல் என்று மெதுவாக நகர்ந்தேன். ஒரு முகத்துக்கு இருபது நிமிடம் ஆனது.

கலாபியா போட்ட வயதான காவலர் வந்து, என் கையைப் பார்த்து, தாளைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் போனார். திரும்பி வரும்போது அலுமினியத் தாள் ஒட்டிய ஓர் அட்டை. வாசல் வெயிலை அதில் வாங்கி, சுவரின் ஓரமாகச் சாய்த்துப் பிடித்தார். உதட்டின் விளிம்பில் நிழல் விழுந்தது. கை வலிக்க வலிக்க, பத்து நிமிடம் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். "ஷுக்ரன், அம்மூ" என்றேன், நன்றி பெரியவரே என்று. தொண்டை அடைத்துக்கொண்டது.

ஜனவரி 19

தேன் வாங்கப் போனேன். கடைக்காரர் கறுப்பா வெள்ளையா என்று கேட்டார். கறுப்பு என்பது கரும்புப் பாகு. இந்த ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கரும்புதான். தேனீத் தேன் என்று கையால் பறந்து காட்டினேன். சிறிய பாட்டில் ஒன்று. கண்ணில் விடுவதற்கு இல்லை. ஜன்னலோரம் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 20

மோசமான நாள். படியில் கால் வைத்தேன், படி இல்லை.

நான்கு வருடத்தில் மூன்று முறை கண்ணாடி மாற்றினேன். வயசாகுதும்மா, வெள்ளெழுத்து என்று பவரை மட்டும் கூட்டிக் கொடுத்தார்கள். ஒருவராவது கண் அழுத்தத்தை அளந்திருந்தால்! எங்கள் அம்மாவுக்கும் இருந்தது என்று நானே சொன்னேனே.

பாயியின் ஊர்க்காரன் இன்னொருவன், நெஃபராபு. ப்தா தெய்வத்தின் பேரில் பொய்ச்சத்தியம் செய்தேன், அவர் என்னைப் பட்டப்பகலில் இருளைப் பார்க்க வைத்துவிட்டார் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். நான் யார் பேரில் சத்தியம் செய்தேன்?

ஜனவரி 21

நேற்று எழுதியதை அடிக்கத் தோன்றியது. அடிக்கவில்லை.

ஜனவரி 22

எஸ்னா. தெருவிலிருந்து கீழே இறங்கித்தான் க்னூம் கோயிலுக்குப் போக வேண்டும். ஊர் மேலே வளர்ந்து, கோயில் பள்ளத்தில் நிற்கிறது. மிஞ்சியிருப்பது முன் மண்டபம் மட்டும், 24 தூண்கள்.

அண்ணாந்து பார்த்ததும் அழுதுவிட்டேன். நீலம். மஞ்சள். செங்காவி. நூற்றாண்டுகளாகப் படிந்த புகைக்கரியையும் பறவை எச்சத்தையும் எகிப்திய, ஜெர்மானியக் குழு 2018 முதல் அங்குலம் அங்குலமாக எடுத்திருக்கிறது. இந்த நிறமெல்லாம் கரிக்கு அடியில் அப்படியே இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியாமல்.

அதைவிட ஒன்று. கூரையில் சில விண்மீன் கூட்டங்களின் பெயர்களை மையால் எழுதியதோடு விட்டுவிட்டார்கள், உளியால் வெட்டவே இல்லை. கரி இருந்தவரை அவை கண்ணில் படவில்லை. இந்தக் கோயிலை முழுக்கப் படியெடுத்த பிரெஞ்சு அறிஞர் எவ்வளவு கூர்மையானவர்! அவருக்கே தெரிய வழி இல்லை. கழுவிய பிறகுதான் வந்தன.

பிரகாசமான நிறம் எனக்கு இன்னும் நன்றாகவே தெரிகிறது. சாம்பலுக்குள் இருக்கும் சாம்பல்தான் தெரிவதில்லை.

ஜனவரி 23

தம்பி: ஆபரேஷனுக்குப் பிறகு போனது திரும்பாது, இருப்பது நிற்கும், அதைப் புரிஞ்சுக்கக்கா. புரிகிறதடா.

ஜனவரி 24

தெய்ர் எல்-மதீனா. இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். மதிலுக்குள் 68 வீடுகள், இடுப்புயரச் சுவர்கள், நடுவே இரண்டு பேர் ஒதுங்கிப் போக வேண்டிய தெரு. பாயி எந்த வாசலில் நின்று தேனுக்குக் காத்திருந்தானோ.

இங்கே கிடைத்த வருகைப் பதிவேடு ஒன்று உண்டு. இரண்டாம் ராம்செஸின் 40-ஆம் ஆட்சியாண்டு. நாற்பது தொழிலாளிகள், வராத நாள் கறுப்பில், அதன் மேலே காரணம் சிவப்பில். உடம்பு சரியில்லை. தேள் கொட்டியது. பீர் காய்ச்சினான். தாயின் உடலுக்குத் துணி சுற்றினான். கண் நோவு. அந்தக் கண் நோவு என்ற சொல் அங்கே இருக்கிறது. விளக்குத் திரிகளைக்கூட எண்ணிக் கொடுத்துக் கணக்கு எழுதிய ஊர். அந்தத் திரி வெளிச்சத்தில்தான் மலைக்கு அடியில் கோடு போட்டார்கள். முதல் கோடு சிவப்பு, மூத்தவர் திருத்துவது கறுப்பு. எங்கள் ஆபீசில் திருத்தம் சிவப்பு.

ஒரு வீட்டின் வாசற்கல்லைத் தடவிப் பார்க்க வேண்டும் என்று கை துடித்தது. கண் போனால் விரல்தானே. தொடவில்லை. ஆயிரம் விரல்களின் எண்ணெய் என்ன செய்யும் என்று தெரிந்தவள் நான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன்.

ஜனவரி 26

மறுபடி ராமோசே. மேற்குச் சுவரில் செதுக்காமல் விட்ட இடம். மைக்கோடு மட்டும். தோள், மடிந்த முழங்கை, ஒரு இழுப்பு. கை எங்கேயும் தயங்கவில்லை.

அதே காவலர். அட்டையைக் கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன், இது கோடு, நிழல் தேவையில்லை. புரிந்துகொண்டு பக்கத்திலேயே குந்தினார். தாளில் தோளை ஒரே இழுப்பில் போட்டேன். பாதியில் முனை மறைந்தது. நிறுத்தவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தபோது கோடு சேர்ந்திருந்தது.

தேன் பாட்டிலை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 27

சொட்டு விட்டாயிற்று. நாளை தெற்குச் சுவர், பத்து மணி வெயில். ஆந்தையைப் போட வேண்டும்.