திருக்கோவலூரில் கிடைத்த நெருக்கம்

கண் தெளிந்தால் திருக்கோவலூருக்கு வந்து உன்னை அடி முதல் முடி வரை ஆசை தீரப் பார்க்கிறேன் என்று உலகளந்த பெருமாளிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். வலக் கண்ணில் புரை முற்றி, பூஜை விளக்கின் சுடரே இரண்டாகத் தெரிந்த நாட்களில் செய்துகொண்ட வேண்டுதல் அது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மருந்து விடும் காலமும் முடிந்து, புரட்டாசியும் பிறந்துவிட்டது. இனி என்ன தாமதம்?

இன்னொரு கடனும் இருந்தது. என் வீட்டுக்காரர் இருந்தவரை, சாயங்காலம் நான் விளக்கேற்றியதும் "வையம் தகளியா" என்று பொய்கையாழ்வார் பாசுரத்தைத் தொடங்கிவிடுவார். முதலாழ்வார்கள் மூவரும் மழைக்கு ஒதுங்கிய அந்த இடைகழி மண்ணை ஒரு முறை மிதித்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப் போய், மிதிக்காமலே ஆசாரியன் திருவடி அடைந்துவிட்டார். அவருக்கும் சேர்த்து நான்தான் பார்த்துவிட்டு வர வேண்டும்.

தனியாக இருக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் உடனே ஒரு முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. காலையில் பால்காரர் மணியடித்து, "பாட்டி, இன்றைக்கு என்ன திதி?" என்று கேட்பார். நான் சொன்ன பிறகுதான் அவருக்கு நாளே தொடங்குமாம். மாடி வீட்டுச் சிறுமி வாய்ப்பாடு ஒப்பிக்க வருவாள். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் அவளும் நானும் சேர்ந்து திணறி, சேர்ந்தே சிரிப்போம். பெருமாள் படத்தோடு நான் சத்தமாகப் பேசுவது அவளுக்கு மிகவும் பிடித்த வேடிக்கை. "அவர் என்ன பதில் சொன்னார் பாட்டி?" என்று விடாமல் கேட்பாள். இத்தனை இருக்கும் ஒரு வாழ்க்கையைப் பார்த்து எதற்குப் பரிதாபம்?

வெளிநாட்டிலிருக்கும் மகன் கார் ஏற்பாடு செய்கிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். காரில் போனால் நானும் டிரைவரும்தான். பஸ்ஸில் போனால் ஊரே கூட வரும். அன்று விழுப்புரத்தில் திருக்கோவிலூர் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. படிக்கட்டின் உயரத்தைப் பார்த்து நான் தயங்கியதும் கண்டக்டர் கீழே இறங்கி வந்து என் பையை வாங்கிக்கொண்டார். "ஏறுங்கள் பாட்டி. பெருமாள் எவ்வளவு நேரம்தான் உங்களுக்காக ஒற்றைக் காலில் நிற்பார்?" என்றார். பஸ்ஸில் முன்பாதி முழுவதும் சிரித்தது. ஒரு கல்லூரிப் பெண் எழுந்து ஜன்னல் ஓர இடத்தைக் கொடுத்தாள். தூரத்து மரங்களில் கிளை வேறு இலை வேறாகத் தெரிந்தது. அறுவைக்கு முன்பு எல்லாம் ஒரே பச்சைத் தீற்றலாகத்தான் இருந்தன. வழியெல்லாம் மரம் பார்த்துக்கொண்டே போனேன்.

இறங்கிய இடத்தில்தான் சோதனை. வயதான பெண், கூட யாருமில்லை, கையில் துணிப்பை. இது போதும் அவர்களுக்கு. "அம்மா, நேராகச் சாமி முன்னால் கொண்டு போய் நிறுத்துகிறேன்" என்று ஒருவர் பையைப் பிடிக்காத குறையாகக் கூடவே நடந்தார். வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தொகை மட்டும் குறைந்துகொண்டே வந்தது; ஆள் விலகவில்லை. இந்தத் தரகர்களை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. இந்த ஒரு தலம் என்றில்லை, எங்கே போனாலும் இப்படித்தான். மூன்றடி மண் கேட்டுக் கையேந்தி வந்தவனைப் பார்க்க எதற்கு இடைத்தரகு? கடைசியில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்தான் அதட்டினார். "அந்த அம்மாவை விடு. அவரைச் சேர்க்க வேண்டிய இடத்தில் பெருமாள் சேர்த்துக்கொள்வார்" என்றார். ஆள் மறைந்துவிட்டார். நான் கேட்காமலே ஒரு முழம் துளசியை நறுக்கிக் கையில் வைத்தார் அந்தப் புண்ணியவதி. காசு கொடுத்தபோது, "திரும்பும்போது கொடுங்கள், எங்கே போய்விடப் போகிறீர்கள்" என்றார்.

புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, வரிசையில் போய் நின்றேன். உள்ளே போகப் போக இடிபாடு அதிகமாயிற்று. முன்னால் இருப்பவர்கள் நகரவில்லை என்று பின்னால் இருப்பவர்கள் நெட்டுகிறார்கள். நெட்டினால் நகருமா? கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தள்ளாதீர்கள், தள்ளாதீர்கள்" என்று நான் இரண்டு மூன்று முறை குரல் கொடுத்தேன். எனக்குப் பின்னால் கைத்தடியோடு என் வயதையொத்த ஓர் அம்மா நின்றிருந்தார். அவர் என் காதருகில் குனிந்து சொன்னார்:

"இந்த ஊரில் தள்ளாதே என்று யாரிடம் சொல்வது? பெருமாளே இங்கே தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தவர்தானே!"

எனக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், அடக்க முடியவில்லை. ஒருவர் படுக்கலாம், இருவர் அமரலாம், மூவர் நிற்கலாம் என்று பொய்கையாரும் பூதத்தாரும் பேயாரும் இருட்டில் ஒண்டி நிற்க, நான்காவதாக வந்து நெருக்கியவன் அல்லவா அவன்! அந்த நெருக்கடியில்தானே மூவருக்கும் அந்தாதி பிறந்தது. சிறு வயதிலிருந்து கேட்ட கதை. ஆனால் கம்பிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, முழங்கையும் தோளுமாக நான்கு பக்கமும் ஆட்கள் இடிக்க நின்றபோதுதான் அது எனக்கு உடம்பில் இறங்கியது. என் வீட்டில் என்னை இடிப்பதற்கு ஒருவர் இல்லை. ஒரு தோள் என் தோளில் பட்டு எத்தனை காலமாயிற்று என்று அங்கேதான் யோசித்தேன். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

முதலாழ்வார்களும் தனியாகத் திரிந்தவர்கள்தாம். காஞ்சியில் ஒருவர், கடல்மல்லையில் ஒருவர், மயிலையில் ஒருவர் என்று அவதரித்து, குடும்பம் குழந்தை என்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், ஒருவரையொருவர் அறியாமலே ஊர் ஊராக நடந்தவர்கள். அவர்களைச் சேர்த்துவைக்க ஒரு மழையும் ஒரு குறுகலான இடமும் போதுமாக இருந்தது.

எனக்கு முன்னால் நின்ற இளைஞர் தம் பெண் குழந்தையைத் தோளில் பின்பக்கம் திரும்பியபடி உட்காரவைத்திருந்தார். அது எல்லோரையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு காலை ஆட்டியபடியே வந்தது. கொலுசில் ஒரு மணி உதிர்ந்துபோய் வெறும் வளையம் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்காலில் பிரகாரத்துத் தூசி. வரிசை ஓரிடத்தில் குலுங்கியபோது அந்தக் கால் சரியாக என் உச்சந்தலையில் வந்து அமர்ந்தது. தகப்பனார் பதறிப்போய், "மன்னித்துக்கொள்ளுங்கள் பாட்டி" என்றார். கைத்தடி அம்மா விடுவாரா?

"எதற்கு மன்னிப்பு? மாவலிக்குக் கிடைத்த பாக்கியம் இவருக்கு வாசலிலேயே கிடைத்துவிட்டது" என்றார்.

சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். குழந்தைக்கு என்ன புரிந்ததோ, அதுவும் கைதட்டிச் சிரித்தது. நான் அந்தக் காலை இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வேடிக்கைக்காகச் செய்யவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

சந்நிதிக்குள் போனதும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்குப் பழக வேண்டும் அல்லவா. அர்ச்சகர் ஆரத்தித் தட்டை எடுத்து, ஊன்றிய திருவடியில் ஆரம்பித்தார். சுடர் மெல்ல மேலே ஏறியது. வானத்தை அளக்கத் தூக்கிய திருவடி, அப்பா! எவ்வளவு நீளம், எவ்வளவு வேகம்! தாருவால், அதாவது மரத்தால் ஆன திருமேனி என்றே தோன்றவில்லை. இன்னும் அளந்து முடிக்கவில்லை, இப்போதுதான் காலைத் தூக்கியிருக்கிறான் என்றே இருந்தது. வழக்கத்துக்கு மாறாக வலக்கையில் சங்கும் இடக்கையில் சக்கரமும் வைத்திருப்பான் என்று என் வீட்டுக்காரர் எத்தனை முறை சொல்லியிருப்பார்! சங்கு தெரிந்தது. சக்கரம் தெரிந்தது. அதற்கும் மேலே அந்தத் திருமுகம் தெரிந்தது. ஒரு சுடர் ஒரே சுடராகத் தெரிந்தது.

"வையம் தகளியா, வார்கடலே நெய்யாக" என்று ஆரம்பித்தேன். தொண்டை அடைத்துக்கொண்டுவிட்டது. தினமும் கேட்ட பாசுரம், அடுத்த அடி வரவில்லை. பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல், "வெய்ய கதிரோன் விளக்காக" என்று எடுத்துக்கொடுத்தது. பிறகு இருவருமாகச் சொன்னோம். "இடராழி நீங்குகவே" என்று முடித்தபோது என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேட்டார் என்றுதான் நம்புகிறேன். நகருங்கள், நகருங்கள் என்று யாரோ குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அர்ச்சகர் கையமர்த்தி, "பாட்டிமார்களுக்கு இன்னொரு தடவை காட்டுகிறேன்" என்று மறுபடியும் திருவடியிலிருந்து தொடங்கினார். நான் கேட்கவில்லை. கேட்காமலே இரண்டாம் முறை காட்டினான். என்ன தவம் செய்தேன்! கண்ணைக் கொடுத்து, அந்தக் கண்ணுக்கு உன்னையும் கொடுத்தாயே, என் ஆயனே!

தாயாரையும் துர்க்கையையும் சேவித்தது நினைவிருக்கிறது, எந்த வரிசையில் சேவித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெளியே வந்து கைத்தடி அம்மாவும் நானும் ஒரு திண்ணையில் உட்கார்ந்தோம். அவரும் தனிக்கட்டைதான். "எனக்கு யாருமில்லை என்று நான் சொல்வதில்லை. எனக்கு இன்னும் யாரும் அறிமுகமாகவில்லை என்றுதான் சொல்வேன்" என்றார். எப்படிப்பட்ட மனுஷி! பூக்கார அம்மாவுக்கு மறக்காமல் காசு கொடுத்தோம். பிறகு, இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஔவையைத் தூக்கிவிட்ட பிள்ளையாரைப் பார்க்காமல் போவதா என்று கீழையூருக்கு ஆட்டோ பிடித்தோம்.

சிவன் வீரச் செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டத்தில் ஒன்றான அந்த வீரட்டேசுவரர் கோயிலில் அப்படியொரு அமைதி. பெரிய யானைக் கணபதி முன்னால் நாங்கள் இருவரும் இன்னும் ஒரு குடும்பமும்தான். சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் குதிரையிலும் கயிலைக்குப் புறப்பட்டுவிட்டார்களே என்று ஔவை பூஜையில் அவசரம் காட்டியபோது, பொறுமையாகச் செய், அவர்களுக்கு முன்னால் உன்னைக் கொண்டு சேர்க்கிறேன் என்று சொன்ன பிள்ளையார். சொன்னபடி தும்பிக்கையால் தூக்கி வைத்தும்விட்டார். முதுமையை வரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, யாரும் துணையில்லாமல் தமிழ்நாடு முழுவதும் நடந்தவள் ஔவை. சண்டையிட்ட மன்னர்களிடமும் வாய்த்துடுக்கோடு பேசினாள். ஏழை வீட்டுக் கீரையையும் பாட்டில் வைத்தாள். அவள் முகம் வாடியதாக ஒரு கதைகூட நான் கேட்டதில்லை. கோயிலுக்குப் பின்னால் பெண்ணையாற்றில் கபிலர் குன்றையும் பார்த்தோம். பாரியின் பெண்களை ஒப்படைத்துவிட்டுக் கபிலர் உயிர் நீத்த இடம். அங்கே நிற்க மனம் ஒப்பவில்லை, கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

பிள்ளையார் முன்னால் எனக்கு உட்கார முடிந்தது, எழ முடியவில்லை. கைத்தடி அம்மா தடியின் வளைந்த பிடியை என் பக்கம் நீட்டி, "பிடித்துக்கொள்ளுங்கள், இன்றைக்குத் தும்பிக்கை இதுதான்" என்றார். அதைப் பிடித்து எழுந்தேன். கயிலைக்குப் போனவளுக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்குமோ, எனக்கு அதற்குக் குறைவில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் அவரிடமிருந்து போன் வருகிறது. "விளக்கேற்றியாயிற்றா?" என்பார். ஆயிற்று என்பேன். அவர் ஒரு பாசுரம், நான் அடுத்த பாசுரம் என்று அந்தாதியைத் தொடர்கிறோம். மாடி வீட்டுச் சிறுமி ஓடிவந்து ஸ்பீக்கரில் போடச் சொல்லி உட்கார்ந்து கேட்கிறாள். அவர் சொல்லும் வேடிக்கைக்காக அவள் காத்திருப்பது எனக்குத் தெரியும்.

ஐப்பசித் திருவோணம் பொய்கையாழ்வார் திருநட்சத்திரம். மறுநாள் பூதத்தாருக்கு அவிட்டம், அதற்கு மறுநாள் பேயாருக்குச் சதயம். திருவோணத்தன்று விழுப்புரத்தில் சந்தித்துச் சேர்ந்து போவதாகப் பேசி வைத்திருக்கிறோம். அடைமழைக் காலத்தில் எதற்கு அம்மா என்று மகன் கேட்கிறான். மழையில்தானடா பெருமாள் அந்த இடைகழிக்கே வந்தான் என்று சொல்லிவிட்டு, குடைக்குப் புதுத்துணி மாற்றக் கொடுத்திருக்கிறேன்.